ஓடாத தேரும் நிற்காத ரயிலும்

தாராசுரத்தில் ஒரு தேர் இருக்கிறது. கல் தேர். இரண்டாம் இராசராச சோழன் 12-ம் நூற்றாண்டிலே எடுப்பித்த ஐராவதேசுவரர் கோயிலின் முன் மண்டபத்தைத் தேர் வடிவில் அமைத்தார்கள் சிற்பிகள். சக்கரம் உண்டு, பாய்ந்து இழுக்கும் குதிரை உண்டு. பார்ப்பவர் கண்ணுக்கு, இதோ புறப்பட்டுவிட்டது என்றே தோன்றும். ஆனால் எண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாக அந்தத் தேர் நின்ற இடத்தைவிட்டு ஓர் அங்குலம் நகர்ந்ததில்லை. அதற்காக யாரும் அதைக் குறை கூறுவதுமில்லை. கல்லிலே செய்த தேர் ஓடாதுதான்!

அதே ஊரில் இன்னொரு தேரும் உண்டு. அது இரும்புத் தேர். மின்சாரம் இழுக்கிறது. சென்னையிலிருந்து வருகிறது, தஞ்சைக்குப் போகிறது. கோவையிலிருந்து வருகிறது, மயிலாடுதுறைக்குப் போகிறது. தாராசுரத்தின் மண்ணை அதிர வைத்துக்கொண்டு போகிறது. ஆனால் நிற்பதில்லை!

ஓடாத தேரை உலகம் வந்து பார்க்கிறது. 2004-ம் ஆண்டில் யுனெஸ்கோ அதனை உலக மரபுச் சின்னங்களின் பட்டியலிலே சேர்த்தது. நிற்காத ரயிலையோ, ஊர் நின்று பார்க்கிறது. தறியிலிருந்து எழுந்து வந்த நெசவாளி பார்க்கிறார். காய்கறி மார்க்கெட்டிலே மூட்டை சுமந்து தோள் காய்த்த தோழர் பார்க்கிறார். கல்லூரிக்குப் போகும் பிள்ளை பார்க்கிறது. தஞ்சை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய நோயாளியும் பார்க்கிறார். அவர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, விரைவு வண்டி தூசியை வாரி இறைத்துவிட்டுப் போகிறது.

ஒரு சிறிய ரயில் நிலையத்தைப் பற்றி இத்தனை பெரிய பேச்சா என்று கேட்போர் உண்டு. உண்டு, பெரிய பேச்சுத்தான். தாராசுரம் இன்று தனி ஊரல்ல, கும்பகோணத்தின் புறநகர். 2021-ம் ஆண்டிலே கும்பகோணம் மாநகராட்சி ஆனபோது, தாராசுரம் பேரூராட்சி அதனோடு இணைந்தது. ஊர் நகரமாயிற்று, வரி நகரத்து வரியாயிற்று. அந்த நகரத்தின் மேற்கு வாசலாக இருக்கவேண்டிய ரயில் நிலையம் மட்டும், நின்று நின்று செல்லும் சாதாரண வண்டிகள் சிலவற்றை நம்பிக் காலந்தள்ளுகிறது. உழவனின் பெயரைச் சூட்டி 2013-ல் சென்னைக்கும் தஞ்சைக்கும் இடையே ஓடவிட்ட எக்ஸ்பிரஸ் உண்டு. சோழனின் பெயரைச் சூட்டிய எக்ஸ்பிரஸும் உண்டு. உழவன் வாழும் ஊர். சோழன் கோயில் எடுத்த ஊர். உழவனும் நிற்பதில்லை, சோழனும் நிற்பதில்லை!

சென்னை செல்லும் வண்டிகள் எல்லாம் இங்கே நிற்கவேண்டும் என்று நாம் கேட்கவில்லை. கும்பகோணம் சந்தடிக்கு அருகிலேயே இருக்கிறது. நெடுந்தூரம் போகிறவர் அங்கே ஏறிக்கொள்ளலாம். நாம் கேட்பது வேறு. அன்றாடம் வேலைக்கும் பள்ளிக்கும் மருத்துவத்துக்கும் போகிற ஏழை எளியவருக்கு, ஏறுகிற நேரத்தில் ஏறவும் இறங்குகிற நேரத்தில் இறங்கவும் ஒரு வண்டித் தொடர் வேண்டும். அதைக் கேட்க நமக்கு என்ன உரிமை என்பதை, இந்தத் தண்டவாளத்தின் கதையே எடுத்துச் சொல்லும்.

இந்தியாவிலே ரயில் வந்தது மக்கள் மீது கொண்ட பரிவினால் அல்ல. நாகப்பட்டினம் துறைமுகத்திலிருந்து தஞ்சைக்கும், 1862-ல் திருச்சி வரைக்கும் தண்டவாளம் போட்டது 'கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா' என்னும் இங்கிலாந்துக் கம்பெனி. அந்தக் கம்பெனியில் பணம் போட்டவருக்கு நூற்றுக்கு ஐந்து வட்டி நிச்சயம் என்று அன்றைய வெள்ளைச் சர்க்கார் உறுதி கொடுத்திருந்தது. ரயிலில் வருமானம் வந்தால் அதிலிருந்து வட்டி. வராவிட்டால் நம் வரிப்பணத்திலிருந்து வட்டி! துறைமுகத்துக்குச் சரக்கு போகவேண்டும், பட்டாளம் போகவேண்டும், பங்குதாரருக்கு வட்டி போகவேண்டும். மக்கள் போவது அதன் பின்புதான்.

பிறகு அந்தக் கம்பெனியும் கர்நாடிக் ரயில்வே கம்பெனியும் ஒன்றாகித் தென்னிந்திய ரயில்வே பிறந்தது. சென்னையிலிருந்து தெற்கே மீட்டர் கேஜ் பாதை இறங்கி வந்தது. விழுப்புரம், கடலூர், சிதம்பரம், மாயவரம் என்று வந்து, 1877-ம் ஆண்டிலே கும்பகோணம் வழியாகத் தஞ்சையைத் தொட்டது. ஆறுகளும் வாய்க்கால்களும் அடிக்கொன்றாகக் குறுக்கிடும் மண் இது. இங்கே கரை கட்டி, பாலம் போட்டு, கல் கொட்டித் தண்டவாளத்தைக் கிடத்தியவை எந்தக் கம்பெனி டைரக்டரின் கைகளும் அல்ல. மண்வெட்டி பிடித்துக் காய்ப்பேறிய கைகள்.

அது எந்தக் காலம் தெரியுமா தோழர்களே? தாது வருஷப் பஞ்சம் சென்னை மாகாணத்தைச் சுட்டெரித்த காலம்! 1876 முதல் 1878 வரை இலட்சக்கணக்கில் மக்கள் மடிந்தார்கள். தானியத்தை ரயில் சுமந்தது. ஆனால் வாங்கக் காசில்லாதவன் தானிய மூட்டையின் பக்கத்திலேயே விழுந்து செத்தான். ரயில் இருந்தால் மட்டும் போதாது, அது யாருக்காக ஓடுகிறது என்பதே கேள்வி என்பதை அந்தப் பஞ்சம் அன்றைக்கே எழுதி வைத்துவிட்டது.

இந்த மாவட்டத்து மக்கள் ரயிலை இனாமாகப் பெற்றவர்களும் அல்லர். 1894-ம் ஆண்டிலே மாயவரத்திலிருந்து முத்துப்பேட்டை வரை ஒரு பாதை திறக்கப்பட்டது. அதைப் போட்டது தஞ்சாவூர் ஜில்லா போர்டு! நிலத்தீர்வையோடு சேர்த்து ரயில்வேக்கென்று தனி வரி வசூலித்து, அந்தப் பணத்தை முதலாக வைத்துப் போட்ட பாதை அது. இந்தியாவில் ஜில்லா போர்டு ரயிலுக்கு வழிகாட்டிய மாவட்டம் தஞ்சை. நெல் விளைத்த மண், ரயிலுக்கும் விதை நெல் கொடுத்தது! அந்த மாவட்டத்தின் பிள்ளைகள் இன்று ஒரு வண்டி நிற்கவேண்டும் என்று கேட்டால், பிச்சை கேட்பதைப் போலப் பார்க்கிறார்கள்.

கம்பெனி இலாபத்துக்காக வந்த ரயில், அதை விரும்பாத சிலருக்கு ஒரு வேதனையையும் கூடவே கொண்டுவந்தது. பெஞ்சுப் பலகைக்குச் சாதி தெரியவில்லை! தெருவிலே நடக்கக்கூடாது என்று விலக்கப்பட்டவன், அணா கொடுத்து டிக்கெட் வாங்கினான். மூன்றாம் வகுப்பில் ஏறினான். எவன் பக்கத்தில் இடம் இருந்ததோ அவன் பக்கத்தில் உட்கார்ந்தான். பண்ணையிலே கைகட்டி நின்றவன், ரயிலேறி நாகப்பட்டினம் போய், கப்பலேறிப் பினாங்குக்குப் போனான். அங்கே அவனுக்குக் காத்திருந்தது சொர்க்கம் அல்ல, ரப்பர்த் தோட்டத்துக் கொடுமைதான். ஆனாலும், இந்தப் பண்ணைக்கு வெளியே ஓர் உலகம் உண்டு என்று அவனுக்குக் காட்டியது இந்தத் தண்டவாளம்.

வண்டிக்குள்ளே தோற்ற சாதி, ஸ்டேஷன் சாப்பாட்டு அறையிலே போய் உட்கார்ந்துகொண்டது. 'பிராமணாள்' என்று ஒரு பலகை, 'இதராள்' என்று ஒரு பலகை! ஒரே வண்டியில் வந்தவர், ஒரே பசியோடு இறங்கியவர், சோற்றுக்கு முன்னே இரண்டு சாதி. தந்தை பெரியாரும் அவர்தம் தோழர்களும் விடாமல் போராடியதன் விளைவாக, 1941-ம் ஆண்டிலே தென்னிந்திய ரயில்வேயின் உணவு விடுதிகளில் அந்தப் பேதம் ஒழிந்தது. ரயில் நிலையம் என்பது வெறும் செங்கல்லும் சுண்ணாம்பும் அல்ல. அது ஒரு சமுதாயக் களம் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

பெயர்ப் பலகைக்கும் ஒரு வரலாறு உண்டு. கல்லக்குடி என்ற ஊரின் நிலையத்துக்கு வடநாட்டு முதலாளியின் பெயரால் டால்மியாபுரம் என்று எழுதி வைத்திருந்தார்கள். 1953 ஜூலையில் கலைஞரும் தோழர்களும் அங்கே தண்டவாளத்தில் தலைவைத்துப் படுத்தார்கள். அந்தப் போராட்டம் துப்பாக்கிச் சூட்டையும் கண்டது, உயிர்களையும் கொடுத்தது, சிறையையும் நிரப்பியது. பின்னர் 1969-ல், கழக ஆட்சியின் காலத்தில், கல்லக்குடி என்ற பெயர் பலகையேறிற்று. நிலையத்தின் பெயருக்காகவே அவ்வளவு கொடுத்தவர்கள் நாம். நிலையத்தின் உயிருக்காக ஒன்றும் செய்யமாட்டோமா?

ரயிலை ஓட்டிய தொழிலாளத் தோழர்களின் கதையும் இதே தண்டவாளத்தில் எழுதப்பட்டதுதான். பட்டறைகளைப் பொன்மலைக்கு மாற்றி, ஆட்களைக் குறைக்கக் கம்பெனி முனைந்தபோது, 1928-ல் தென்னிந்திய ரயில்வே முழுவதும் வேலை நிறுத்தம் நடந்தது. சிங்காரவேலரும் முகுந்தலால் சர்க்காரும் சிறை புகுந்தனர். 1946 செப்டம்பர் 5 அன்று பொன்மலையிலே தொழிலாளர்கள் மீது துப்பாக்கி பாய்ந்தது. ஐந்து பேர் பிணமாயினர். கம்பெனி போயிற்று, 1951-ல் தெற்கு ரயில்வே பிறந்தது, மூன்றாம் வகுப்பு என்ற பெயரும் 1974-ல் போயிற்று. ரயில் நம்முடையது என்று எண்ணினோம். நம்முடையதுதான். ஆனால் நம் வீட்டு வாசலில் அது நிற்கவேண்டுமே!

தாராசுரம் வழியாகச் செல்லும் இந்தப் பாதைக்கு இன்றைக்கும் 'மெயின் லைன்' என்றுதான் பெயர். ஒரு காலத்தில் அது உண்மையாகவே முதன்மைப் பாதை. சென்னையிலிருந்து தனுஷ்கோடிக்குப் போய்க் கப்பலைப் பிடிக்கும் 'போட் மெயில்' இந்த வழியாக ஓடியது. 1920-களின் இறுதியில் விழுப்புரத்திலிருந்து விருத்தாசலம் வழியாகத் திருச்சிக்குக் குறுக்கே ஒரு பாதை போட்டார்கள். அதுதான் 'கார்டு லைன்'. தூரம் குறைந்தது; வேக வண்டிகள் அங்கே திரும்பின. 2000-ம் ஆண்டை ஒட்டிக் கார்டு லைன் அகலப் பாதையாயிற்று. மெயின் லைனோ காத்துக் கிடந்தது. விழுப்புரத்துக்கும் மயிலாடுதுறைக்கும் இடையே 2006-ன் இறுதியில் பாதையை மூடியவர்கள், 2010-ல்தான் அகலமாக்கித் திறந்தார்கள். கார்டு லைன் இரட்டைப் பாதையாகிவிட்டது. விழுப்புரத்துக்கும் தஞ்சைக்கும் இடையே மெயின் லைன் இன்னும் ஒற்றைப் பாதை. பெயரிலே மெயின், பிழைப்பிலே கிளை!

2020-ன் தொடக்கத்தில் இந்தப் பாதை முழுவதும் மின்மயமாயிற்று. மகிழ்ந்தோம். மகிழ்ச்சி இரண்டு மாதம்தான். மார்ச்சில் கொரோனா வந்தது. நாடெங்கும் பயணி ரயில்கள் நின்றன. நோய்க்காக நிறுத்தியதை நாம் குறை சொல்லவில்லை. நோய் தணிந்த பிறகு நடந்ததைத்தான் சொல்லுகிறோம். சாதாரண பாசஞ்சர் வண்டிக்கு 'எக்ஸ்பிரஸ் ஸ்பெஷல்' என்று பெயர் மாற்றினார்கள். பெட்டி அதே பெட்டி, வேகம் அதே வேகம். கட்டணம் மட்டும் எக்ஸ்பிரஸ். 10 ரூபாயாக இருந்த குறைந்தபட்சக் கட்டணம் 30 ரூபாயாயிற்று. அது மீண்டும் 10 ரூபாயானது 2024 பிப்ரவரியில், நாடாளுமன்றத் தேர்தல் வாசற்படியில் நின்றபோது! இடைப்பட்ட ஆண்டுகளில், நாலைந்து கல் தூரம் போக 30 ரூபாய் கொடுக்க முடியாதவர் ரயிலை மறந்தார். பஸ்ஸுக்கும் ஷேர் ஆட்டோவுக்கும் போனார்.

இப்போது அதிகாரிகள் கணக்குப் புத்தகத்தைத் திறக்கிறார்கள். "சிறிய நிலையங்களில் ஏறுவோர் தொகை குறைவு, நிறுத்தினால் நட்டம்" என்கிறார்கள். அற்புதமான கணக்கு! கடையைப் பூட்டிச் சாவியை இடுப்பிலே செருகிக்கொண்டு, வியாபாரமே இல்லை என்று புலம்புகிற வணிகனை எங்கேனும் கண்டதுண்டா? வண்டி நிற்பதில்லை, அதனால் ஆள் வருவதில்லை. ஆள் வருவதில்லை, அதனால் வண்டி நிற்பதில்லை. இந்தச் செக்கைச் சுற்றிச் சுற்றி வருவது யார்? காலை ஏழு மணிக்கு வேலைக்குப் புறப்படவேண்டிய பாட்டாளி!

சென்னையைப் பாருங்கள். 1931-ம் ஆண்டிலேயே கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் ஓடத் தொடங்கிற்று. அன்றைக்குச் சைதாப்பேட்டைக்கு அப்பால் நகரம் ஏது? வயலும் ஏரியும்தான் பெரும்பகுதி. ஆள் சேர்ந்த பிறகு ரயில் விடுவோம் என்று காத்திருந்தார்களா? இல்லை. ரயிலை விட்டார்கள், நிறுத்தினார்கள், அடிக்கடி நிறுத்தினார்கள். தண்டவாளத்தின் இரு பக்கமும் நகரம் வளர்ந்தது. ரயில் நின்ற இடமெல்லாம் ஊர் நின்றது!

அந்த நியாயம் காவிரிக் கரைக்கு மட்டும் பொருந்தாதா? மயிலாடுதுறையிலிருந்து தஞ்சை வரை சுமார் 70 கிலோமீட்டர். குத்தாலம், ஆடுதுறை, திருவிடைமருதூர், திருநாகேசுவரம், கும்பகோணம், தாராசுரம், சுவாமிமலை, சுந்தரப்பெருமாள் கோயில், பாபநாசம், பண்டாரவாடை, அய்யம்பேட்டை என்று மணிமாலை போலக் கோத்த ஊர்கள். தாராசுரத்தில் பட்டு நெசவு. சுவாமிமலையில் வெண்கலச் சிற்பம் வார்க்கும் கைகள். கும்பகோணம் வட்டாரத்து வெற்றிலைக்கு 2025-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. கும்பகோணம் அரசு கலைக் கல்லூரி 1854-ல் தோன்றியது. தொழிலும் கல்வியும் மருத்துவமும் ஒரே தண்டவாளத்தில் வரிசையாகக் கிடக்கின்றன. மின்கம்பி மேலே தொங்குகிறது. இல்லாதது ஒன்றே ஒன்று: ஊருக்கு ஊர் நின்று, காலையிலும் மாலையிலும் மணிக்கொன்றாக ஓடும் மெமு வண்டிகள்.

"ஒற்றைப் பாதை, எதிர் வண்டிக்கு வழிவிடவேண்டும், அடிக்கடி நிறுத்தினால் விரைவு வண்டிகள் தாமதப்படும்" என்று சொல்லுவார்கள். இது பொய் அல்ல. ஒற்றைப் பாதையிலே ஒரு வண்டி போகும்போது எதிர் வண்டி அடுத்த நிலையத்தில் காத்துத்தான் நிற்கவேண்டும். ஆனால் அந்தக் காரணம் நம் வாதத்தைத் தகர்க்கவில்லை, தாங்குகிறது! பாதை ஒற்றையாக இருப்பது தாராசுரத்து நெசவாளியின் குற்றமா? இரட்டைப் பாதை போடவேண்டியவர் போடவில்லை. அதற்கான தண்டனையை டிக்கெட் எடுத்தவர் அனுபவிக்கிறார். 1924 முதல் தனியே போடப்பட்டு வந்த ரயில்வே பட்ஜெட்டை 2017-ல் பொது பட்ஜெட்டோடு கரைத்துவிட்டார்கள். எந்தப் பாதைக்கு எவ்வளவு என்று நாடே கேட்கும்படி ஒரு நாள் முழுவதும் பேசிய பேச்சு, கடலில் கரைத்த பெருங்காயமாயிற்று.

இன்னொன்றையும் எண்ணிப் பார்க்கட்டும். 2028-ல் கும்பகோணத்தில் மகாமகம் வருகிறது. குளத்து நீர் பாவத்தைக் கழுவுமா என்பதிலே நம் கருத்து நாடறிந்தது. ஆனால் நம்பி வருகிறவரும் மனிதர். கடை போட்டுப் பிழைக்க வருகிறவரும் மனிதர். வருவது இலட்சக்கணக்கான உயிர்கள். அத்தனை பேரையும் கும்பகோணம் ஒரே நிலையத்தில் கொட்டுவதா? மேற்கே தாராசுரம் நிற்கிறது, கிழக்கே திருநாகேசுவரம் நிற்கிறது. நடைமேடையை உயர்த்தி, நீட்டி, நல்ல விளக்கும் குடிநீரும் கழிப்பிடமும் அமைத்தால், கூட்டத்தைப் பிரித்து இறக்கலாம். விழாவுக்காகச் செய்வது விழா முடிந்ததும் அழியாது. பிறகு ஆண்டுதோறும் தொழிலாளிக்கு உதவும்.

தோழர்களே! நியாயம் நம் பக்கம் என்பதனால் மட்டும் வண்டி நின்றுவிடாது. டில்லிக்கு நம் குரல் கேட்க நேரமாகும். ஆனால் அவர்களுடைய கணக்குப் புத்தகத்துக்கு எண்கள் புரியும். ஆகவே முதல் வேலை இதுதான்: டிக்கெட் எடுங்கள். தாராசுரத்தில் ஏறுகிறவர் தாராசுரத்திலிருந்தே டிக்கெட் எடுக்கவேண்டும். கைப்பேசியில் எடுத்தாலும், புறப்படும் இடம் தாராசுரம் என்று எடுங்கள். கும்பகோணம் என்று போட்டால் அந்தத் தலை கும்பகோணத்துக் கணக்கிலே விழும். டிக்கெட் இல்லாமல் ஏறுகிறவர் மிச்சப்படுத்துவது 10 ரூபாய்; இழப்பது ஊருக்கு நிற்கவேண்டிய வண்டியை! தேர்தலிலே ஒரு ஓட்டின் மதிப்பை அறிந்த நமக்கு, நிலையத்தின் கணக்கிலே ஒரு டிக்கெட்டின் மதிப்பைச் சொல்லித் தரவேண்டியதில்லை.

அடுத்தது, நேரம். தறிக்காரர் எத்தனை மணிக்குப் போகிறார், மார்க்கெட் தோழர் எத்தனை மணிக்குத் திரும்புகிறார், மாணவர் எந்த மணிக்குக் கல்லூரி வாசலில் நிற்கவேண்டும் என்பதைக் கிளைத் தோழர்கள் வீடு வீடாகக் கேட்டு எழுதட்டும். 'வண்டி வேண்டும்' என்று முழங்குவதோடு நில்லாமல், 'இந்த நேரத்துக்கு, இத்தனை பேருக்கு வேண்டும்' என்று எழுதிக் கொடுப்போம். திருச்சிக் கோட்ட அலுவலகத்துக்கு ஒரு பிரதி. நாடாளுமன்ற உறுப்பினருக்கு ஒரு பிரதி. கோட்டத்தின் ரயில் பயணிகள் ஆலோசனைக் குழுவில் இருப்போர் கையிலும் ஒரு பிரதி. சுவாமிமலைத் தோழரும் பண்டாரவாடைத் தோழரும் இதையே செய்யட்டும். ஒரு நிலையம் கேட்டால் மனு. பத்து நிலையம் சேர்ந்து கேட்டால் இயக்கம்!

1877-ல் இந்தத் தண்டவாளம் வந்தபோது அது இலண்டன் பங்குதாரருக்காக ஓடியது. அதை மக்களுக்காக ஓடவைக்க ஒரு தலைமுறை வேலை நிறுத்தம் செய்தது. ஒரு தலைமுறை பேதப் பலகையை இறக்கிற்று. ஒரு தலைமுறை பெயர்ப் பலகையைத் திருத்திற்று. நம் தலைமுறைக்கு மிஞ்சியிருப்பது சிறு வேலை: ஓடுகிற ரயிலை நிற்கவைப்பது. நாளைக் காலை ஸ்டேஷன் சன்னலருகே சென்று, சில்லறையை நீட்டி, உரக்கவே கேளுங்கள்:

"தாராசுரத்திலிருந்து ஒரு டிக்கெட்!"